பி91 எஃகுக் குழாய்: 18 ஆண்டுகள் பழகியபின் எழுதும் மதிப்புரை

மதிப்புரை என்றால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்கும் பொருளுக்கு எழுதுவதுதான் வழக்கம். ஒரு மீட்டர் நீளமே அரை டன்னுக்கு மேல் எடையுள்ள குழாயை யாரும் அப்படி வாங்குவதில்லை. ஆனாலும் அதுவும் வாங்கப்படும் பொருள்தான். அதற்கும் தரம் உண்டு, குறை உண்டு, விற்பவர் சொல்லாமல் விடும் செய்திகளும் உண்டு. அனல்மின் நிலையங்களின் நீராவிக் குழாய்களையும் அவற்றின் பற்றவைப்புகளையும் சோதிக்கும் வேலையில் நான் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் என் கை அதிகம் பட்ட பொருள் பி91 என்ற எஃகு. அதை வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு அதனுடன் வாழ வேண்டியவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பெயரை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் உள்ள பழைய எஃகில் வனேடியம், நயோபியம், நைட்ரஜன் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்து மேம்படுத்தியதுதான் 91ஆம் தரம். தடித்த சுவருள்ள பைப்பாக வந்தால் பி91 என்பார்கள், கொதிகலனுக்குள் செல்லும் மெல்லிய ட்யூபாக வந்தால் டி91 என்பார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 1970களில் வேக ஈனுலைத் திட்டத்துக்காக இதை உருவாக்கியது. 1980களில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பில் இது இடம்பெற்றது. அணு உலைக்காகப் பிறந்த எஃகு கடைசியில் நிலக்கரிக் கொதிகலன்களிலும், எரிவாயுச் சுழலியின் வெளியேறு வெப்பத்தில் நீராவி எடுக்கும் கொதிகலன்களிலும்தான் பேரளவில் குடியேறியது.

இப்படி ஓர் எஃகு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுழலிக்குள் நுழையும் நீராவி எவ்வளவு சூடாகவும் அழுத்தமாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒரே அளவு எரிபொருளிலிருந்து அதிக மின்சாரம் கிடைக்கும். 38 விழுக்காடு செயல்திறனில் ஓடும் நிலையத்துக்குப் பதிலாக 45 விழுக்காட்டில் ஓடும் நிலையத்தைக் கட்டினால், அதே மின்சாரத்துக்கு எரிபொருள் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயுவும் அதே அளவில் குறைகிறது. இதற்குத் தடை வெப்ப இயக்கவியலிலிருந்து வரவில்லை, குழாயின் உலோகத்திலிருந்து வருகிறது. 1957இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய ஃபிலோ நிலையத்தின் 6ஆம் அலகு 621 டிகிரி செல்சியஸ் நீராவியில் ஓடியது. அடுத்து வந்த எடிஸ்டோன் நிலையத்தின் 1ஆம் அலகை 649 டிகிரிக்கும் 34 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்துக்கும் வடிவமைத்தார்கள். அந்தச் சூட்டைத் தாங்க அப்போது கையில் இருந்தது ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகுதான். அது சூட்டைத் தாங்கியது. ஆனால் சூடானால் ஃபெரைட் வகை என்னும் வழக்கமான கொதிகலன் எஃகுகளைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு நீளும், வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். தடித்த குழாயின் உட்சுவர் நீராவியின் சூட்டில் இருக்கும்போது வெளிச்சுவர் பின்தங்கும், அந்த இழுபறியில் வெடிப்பு பிறக்கும். எடிஸ்டோன் பின்னர் சூட்டையும் அழுத்தத்தையும் தணித்துக்கொண்டு ஓடியது. அடுத்த சில பத்தாண்டுகள் உலகம் 540 டிகிரியை ஒட்டியே கட்டியது. அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டுமானால் குறைவாக நீளும், வெப்பத்தை விரைவாகக் கடத்தும் ஃபெரைட் குடும்பத்திலேயே ஒரு பலசாலி வேண்டும் என்பதுதான் தேவை. 91ஆம் தரம் அதற்குக் கிடைத்த விடை.

எவ்வளவு பலசாலி என்பதைக் காட்ட ஒரு தோராயக் கணக்குப் போடுகிறேன். 300 மி.மீ உள்விட்டமுள்ள குழாயில் 600 டிகிரியில், 25 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நீராவி ஓட வேண்டும். 1 லட்சம் மணி நேரத்தில் எஃகை முறிக்கும் தகைவை, அதாவது ஓரலகு பரப்பின்மேல் விழும் சுமையை, எடுத்துக்கொண்டு அதை ஒன்றரையால் வகுத்து, அந்த அளவுக்குத்தான் சுமை ஏற்றுவோம் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட காலமாகப் புழங்கிய பி22, அதாவது இரண்டேகால் விழுக்காடு குரோமிய எஃகு, அந்தச் சூட்டில் 34 மெகாபாஸ்கலைத்தான் 1 லட்சம் மணி நேரம் தாங்கும். அதில் செய்தால் சுவர் சுமார் 240 மி.மீ தடிமனாக இருக்க வேண்டும். அது குழாய் ஆகாது, பீரங்கி ஆகும். ஜெர்மனியில் பேர்பெற்ற எக்ஸ்20 என்ற 12 விழுக்காடு குரோமிய எஃகு 59 மெகாபாஸ்கல் தாங்கும், சுவர் சுமார் 118 மி.மீ. பி91 ஏறத்தாழ 90 மெகாபாஸ்கல் தாங்குகிறது. சுவர் 70 மி.மீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. மீட்டருக்கு 3 டன்னுக்கு மேல் எடையுள்ள பி22 குழாயின் இடத்தில் 600 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பி91 குழாய் வந்து உட்காருகிறது. எடையில் மட்டுமல்ல, குழாயைத் தாங்கும் தொங்குகம்பிகளிலும், உள்ளும் வெளியும் சூட்டு வேறுபாடு இல்லாமல் நிலையத்தைத் தொடங்க ஆகும் நேரத்திலும் இந்த மெலிவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. நாள்தோறும் நிறுத்தித் தொடங்க வேண்டிய நிலையங்களுக்கு இந்த மெல்லிய சுவர் பெரிய வரம்.

இனி இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பொருளின் எல்லா நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கிறது. 600 டிகிரியில் எஃகு உருகுவதில்லை, ஊர்கிறது. பொறியாளர்கள் க்ரீப் என்று சொல்லும் இந்த ஊர்வு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கிறது. 1 லட்சம் மணி நேரத்தில், அதாவது பதினோரு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், 1 விழுக்காடு நீளும் கம்பியை எண்ணிப் பாருங்கள். 1 மீட்டர் கம்பி மணிக்கு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். ஆனால் அந்த நீட்சி நிற்பதே இல்லை. படிகத்துக்குள் இருக்கும் இடப்பெயர்வு என்னும் ஒழுங்குக் குறைகள் அந்தச் சூட்டில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அவற்றை நகரவிடாமல் முள்வேலி போட வேண்டும்.

91ஆம் தரம் அந்த வேலியை இரண்டு அடுக்காகப் போடுகிறது. எஃகை 1,040 முதல் 1,080 டிகிரி வரை சூடாக்கினால் சேர்க்கப்பட்ட தனிமங்கள் பெரும்பாலும் இரும்புக்குள் கரைந்துவிடும். பிறகு காற்றில் ஆறவிட்டாலே போதும், தடித்த குழாய்கூட 400 டிகிரிக்கு அருகில் மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்கிவிடும். மார்ட்டென்சைட் என்பது அரை மைக்ரான் அகலமுள்ள மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த, மிகக் கடினமான, எளிதில் உடையக்கூடிய கட்டமைப்பு. அப்படியே விட்டால் கண்ணாடி போல் விரிசல் விடும். ஆகவே 730 முதல் 800 டிகிரிக்குள் மறுபடியும் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் இரண்டு வகை நுண்துகள்கள் பிறக்கின்றன. குரோமியக் கார்பைடு துகள்கள் தகடுகளின் எல்லையோரங்களில் வரிசையாக அமர்ந்து, தகடுகள் ஒன்றோடொன்று கலந்து பருத்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. வனேடியமும் நயோபியமும் நைட்ரஜனோடும் கரியோடும் சேர்ந்து உருவாக்கும் துகள்களின் அளவு சில பத்து நானோமீட்டர்தான். அவை தகடுகளுக்குள்ளேயே தூவியதுபோல் பரவி நின்று இடப்பெயர்வுகளை ஒவ்வோர் அடியிலும் மறிக்கின்றன. வனேடியம் கால் விழுக்காட்டுக்கும் குறைவு, நயோபியம் நூற்றில் ஒரு பங்கின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, நைட்ரஜன் அதிலும் குறைவு. அந்தத் துளிகள்தான் பீரங்கியைக் குழாயாக்குகின்றன.

இதிலிருந்து ஒரு முடிவு தானாகவே வருகிறது. இந்த எஃகை வாங்கும்போது நீங்கள் பணம் கொடுப்பது குரோமியத்துக்கு அல்ல, அந்த நுண்துகள்களின் அமைப்புக்கு. அந்த அமைப்பு உருக்காலையின் உலையில் பிறக்கிறது. வளைக்கும் பட்டறையிலோ, பற்றவைக்கும் இடத்திலோ, வெப்பமூட்டுப் பட்டையின் கீழோ சில மணி நேரத்தில் அழிந்துவிடவும் கூடும். குழாயின் வேதியியல் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

இதை நான் நேரில் கண்டது ஒரு புதிய நிலையத்தில், முதன்மை நீராவிக் குழாயின் ஓர் எல்போவில், அதாவது வளைவுத் துண்டில். நிலையத்தின் பெயரும் குழாய் கொடுத்தவர் பெயரும் இங்கே தேவையில்லை. கட்டுமானம் முடிந்து முதல் நீராவிக்கு முன் கடினத்தன்மையை அளந்துகொண்டே வந்தோம். நேர்க்குழாய்களில் பிரினெல் அளவில் 210, 215 என்று வந்துகொண்டிருந்த எண், எல்போவில் 162 என்று விழுந்தது. இந்த எஃகில் 190க்கும் 250க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. 180க்குக் கீழே போனால் கேள்வி கேட்க வேண்டும். முதலில் கருவியைச் சந்தேகப்பட்டு அளவுக்கட்டையில் வைத்துச் சரிபார்த்தோம், சரியாகத்தான் காட்டியது. பிறகு மேற்பரப்பைச் சந்தேகப்பட்டோம். சூடாக்கும்போது மேல்தோலில் கரி எரிந்துபோய் மென்மையாகிவிடுவது உண்டு. ஆகவே அரைப்பானை வைத்து ஒரு மி.மீ இழைத்துவிட்டு அளந்தோம். 164. இன்னும் அரை மி.மீ இழைத்தோம். 161. எக்ஸ் கதிர்த் துப்பாக்கி போன்ற தனிமச் சோதனைக் கருவியை வைத்தால் குரோமியம், மாலிப்டினம், வனேடியம், நயோபியம் எல்லாம் விதிப்படி இருந்தன. ஆலைச் சான்றிதழில் கடினத்தன்மை 217 என்று அழகாக அச்சிட்டிருந்தது.

கடைசியில் ரெப்ளிகா எடுத்தோம். இழைத்த இடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலக் கலவையால் அரித்து, அசிடேட் தாளை நனைத்து ஒட்டி, காய்ந்ததும் பிய்த்து எடுத்து நுண்ணோக்கியில் வைப்பதுதான் ரெப்ளிகா. பி91 எஃகில் பழகிய கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஊசிக்கட்டான தகடுகள் அங்கே இல்லை. உருண்ட படிக மணிகளும், அவற்றின் நடுவே பருத்த கார்பைடு புள்ளிகளும்தான் இருந்தன. விசாரித்ததில் தெரிந்தது இதுதான்: அந்த எல்போவைச் சூடாக்கி வளைத்தபின், மறுபடியும் 1,050 டிகிரிக்குக் கொண்டுபோய் முழுச் சுழற்சியும் செய்யாமல் பதப்படுத்தும் சூடு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழில் இருந்த 217 வளைப்பதற்கு முன்பு எடுத்த அளவு. பொய் என்று சொல்ல முடியாது. அது வேறொரு பொருளைப் பற்றிய உண்மை. அந்த எல்போ 600 டிகிரியில் சுமந்திருக்க வேண்டிய சுமையில் பாதியையாவது நம்பிக்கையோடு சுமந்திருக்குமா என்பதே ஐயம். அதை அறுத்து எடுத்துப் புதியதை வைக்கப் பல வாரங்கள் போயின.

பி22 எஃகில் பழகியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்கும். பி22 மன்னிக்கும் குணமுள்ள எஃகு. அதை 30 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினாலும், ஆறவிடும் நேரத்தில் கொஞ்சம் ஏமாந்தாலும் பெரிதாகக் கெட்டுவிடாது. அந்தப் பழக்கத்தோடு பி91 பக்கம் வந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். பற்றவைப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

70 மி.மீ சுவருள்ள குழாயில் ஒரு பற்றவைப்பு முடிய இரண்டு முழு நாட்கள் ஆகலாம். முதலில் மூட்டின் இரு பக்கமும் வெப்பமூட்டுப் பட்டைகளைச் சுற்றி 200 டிகிரிக்கு மேல் கொண்டுவர வேண்டும். வேலை முடியும்வரை அதற்குக் கீழே இறங்கவிடக் கூடாது. உள்ளே காற்று இருந்தால் முதல் அடுக்கான அடித்தையலின் பின்புறம் கருகிப்போகும், ஆகவே குழாய்க்குள் ஆர்கானை நிரப்ப வேண்டும். அடித்தையல் டிக் என்ற வளிக்காப்பு முறையில், மேலே நிரப்புவது கம்பி மின்வாயில். மின்வாயை அடுப்பில் சுட்டு ஈரம் போக்கி, சூடான கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையில் சூடு 300 டிகிரியைப் பெரிதும் தாண்டக் கூடாது. இதுவரை பொறுமைதான் வேண்டும், நுட்பம் பெரிதாக ஒன்றுமில்லை.

நுட்பம் அடுத்து வருகிறது. பற்றவைப்பு முடிந்ததும் பி22 என்றால் ஆறவிடாமல் நேரே பதப்படுத்தும் சூட்டுக்குப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். பி91 மூட்டை முதலில் 100 டிகிரிக்குக் கீழே, முடிந்தால் 80 வரை மெதுவாக ஆறவிட வேண்டும். மார்ட்டென்சைட் முழுவதும் பிறந்து முடிவது அந்தக் குறைந்த சூட்டில்தான். அதற்கு முன்பே மேலே ஏற்றினால் மாறாமல் எஞ்சியிருந்த பகுதி, பதப்படுத்தல் முடிந்து கடைசியாக ஆறும்போது புது மார்ட்டென்சைட்டாக மாறி, பதமாகாமலேயே மூட்டுக்குள் தங்கிவிடும். கடினமும் உடையும் தன்மையும் உள்ள ஒரு திட்டு உள்ளே இருப்பது வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அதே சமயம், ஆறிய பிறகு அதிக நேரம் சும்மா விடவும் கூடாது. பதப்படுத்தாத மூட்டின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 400ஐத் தாண்டி நிற்கும். அதன்மேல் ஈரம் பட்டால் தகைவு அரிப்பு வெடிப்பு வந்துவிடும். மழைச்சாரல் அடிக்கும் இடத்தில் மூட்டுக்குத் தார்ப்பாய் கட்டுவது எஃகைக் காக்கத்தான் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

பிறகு 760 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் பதப்படுத்தல். கீழே போனால் பதம் போதாது. மேலே போனால் 800 டிகிரிக்கு மேல் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் எஃகு மறுபடியும் ஆஸ்டெனைட்டாக மாறத் தொடங்கும். அந்தக் கோடு எங்கே நிற்கும் என்பதையும் மின்வாயிலுள்ள நிக்கலும் மாங்கனீசும் தீர்மானிக்கின்றன. அவை கூடினால் கோடு கீழே இறங்கிவிடும். ஆகவே மின்வாய்ப் பொட்டலத்தில் அந்த இரண்டின் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் பட்டையை ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. கிடைக்குழாயில் சூடு மேலே ஏறும் என்பதால் உச்சிப்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே அளவில் இருக்காது. இரண்டுக்கும் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி தனித்தனியாகவும் தனித்தனிக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால், வரைபடத்தில் நேர்கோடாகத் தெரிவது குழாயில் 40 டிகிரி சாய்வாக இருக்கும். தெர்மோகப்பிள் ஒன்று ஒட்டிய இடத்தை விட்டுப் பிரிந்துவிட்டால் கதை இன்னும் மோசம். அது குறைந்த சூட்டைக் காட்டும், கட்டுப்பாட்டுப் பெட்டி விடாமல் சூட்டை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பி91 குழாயைப் பழிப்பதற்காக இவற்றை எழுதவில்லை. இவையெல்லாம் முறைப்படி நடந்த மூட்டுகள் நன்றாகவே ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் முறைப்படி நடந்த மூட்டிலும் ஒரு பலவீனம் எஞ்சுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை முழுமையாகாது. பற்றவைப்பின் உருகிய உலோகத்தை விட்டுச் சில மி.மீ தள்ளி, அசல் குழாயோடு சேரும் ஓரத்தில், அரைகுறையாகச் சூடாகி மணிகள் பொடிந்துபோன ஒரு மெல்லிய வளையம் உண்டு. அங்கே நுண்துகள்கள் கரையவும் இல்லை, பழையபடி வேலி போடவும் இல்லை. 600 டிகிரியில் நீண்ட காலம் ஓடும்போது அந்த வளையத்தில்தான் நுண்குழிகள் பிறந்து, சேர்ந்து, வெடிப்பாகின்றன. நான்காம் வகை வெடிப்பு என்று இதற்குப் பெயர். குழாயின் நடுச்சுவருக்குள் தொடங்குவதால், வெளிப்பரப்பில் ரெப்ளிகா எடுத்துப் பார்ப்பவருக்குக் கடைசிவரை அமைதியாகவே தெரியும். மீயொலிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். இந்த வளையத்தால் நீண்ட காலத்தில் மூட்டின் பலம் குழாயின் பலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். குழாயின் பலத்தை மட்டும் வைத்து மெலிதாக வடிவமைத்துவிட்டு மூட்டுகளை மறந்தவர்கள் உண்டு. குழாயிலிருந்து கிளை எடுக்கும் இடங்களிலும், பல ட்யூபுகள் வந்து சேரும் தடித்த குழாயான ஹெடரின் மூடிகளிலும் இதன் விலையைக் கொடுத்தார்கள்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. இந்த எஃகுகள் சந்தைக்கு வந்தபோது சொல்லப்பட்ட பல எண்கள் பிறகு மெல்லக் கீழே இறங்கின. குழாய் 1 லட்சம் மணி நேரமும் 2 லட்சம் மணி நேரமும் ஓட வேண்டும். ஆனால் எந்த ஆலையும் தன் எஃகை விற்க 11 ஆண்டுகள் காத்திருக்காது. சில பத்தாயிரம் மணி நேரச் சோதனையிலிருந்து கோட்டை நீட்டித்துத்தான் எண் எழுதுவார்கள். நுண்துகள்கள் காலப்போக்கில் பருத்துக் குறைந்துபோவதால் உண்மையான கோடு பின்னால் வளைந்து இறங்குகிறது. 9 விழுக்காடு குரோமியத்தில் இறக்கம் மிதமாக இருந்தது. துருவைத் தடுக்கக் குரோமியத்தை 11, 12 என்று உயர்த்திய எஃகுகளில் அது பேரிழப்பாக முடிந்தது. அங்கே குரோமியம் தானே வனேடியம், நயோபியம் நைட்ரைடுகளைத் தின்று இசட் நிலை என்ற பருத்த துகளாக மாறிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. பி122 என்ற 12 விழுக்காட்டு எஃகின் அனுமதிக்கப்பட்ட தகைவை இப்படித்தான் பிறகு வெட்ட வேண்டியதாயிற்று. ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கம்பிகளைச் சூட்டில் தொங்கவிட்டு அளவெடுத்து வெளியிடுகிறது. 1969இல் தொடங்கிய அதன் ஒரு சோதனை 2011 வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. விற்பனைக் குறிப்பையும் அந்த ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

மாற்றுப் பொருள்கள் என்ன? மாலிப்டினத்தில் பாதியை எடுத்துவிட்டு 1.8 விழுக்காடு டங்ஸ்டனும் துளி போரானும் சேர்த்த பி92, ஜப்பானில் உருவானது. 600 டிகிரியில் அது தாங்கும் தகைவை முதலில் பெரிதாகச் சொன்னார்கள். ஐரோப்பிய மறுமதிப்பீட்டுக்குப் பின் 113 மெகாபாஸ்கலை ஒட்டி நிற்கிறது. அப்படியும் என் கணக்குக் குழாயின் சுவரை 55 மி.மீட்டருக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மேலே சொன்ன கண்டிப்புகள் எல்லாம் அதற்கும் உண்டு. கூடவே டங்ஸ்டன் மெதுவாக வெளியேறி லாவெஸ் நிலை என்ற துகளாகச் சேர்வதால், சில ஆண்டுகள் ஓடியபின் மூட்டுகளின் உடையாத்தன்மை குறைகிறது. ஜப்பானில் ஃபுஜியோ அபே குழுவினர் முன்வைத்த மார்பன் வகை எஃகில் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் சேர்த்து, போரானைக் கூட்டி, போரான் நைட்ரைடாக வீணாகாதபடி நைட்ரஜனை அளந்து குறைத்திருக்கிறார்கள். பற்றவைப்பு ஓரத்தில் மணிகள் பொடிவதையே அது தடுக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நான்காம் வகை வெடிப்பை மூலத்திலேயே தாக்கும் முயற்சி அது. 700 டிகிரி என்றால் எஃகுக் குடும்பத்தையே விட்டு 617, 740எச் போன்ற நிக்கல் கலவைகளுக்குப் போக வேண்டும். அது வேறு உலகம், வேறு விலை.

சூட்டைத் தாங்கும் பலம் இருந்தாலும் நீராவியின் துருவை 9 விழுக்காடு குரோமியம் முழுவதும் தடுத்துவிடாது. 600 டிகிரிக்கு மேல் ட்யூபின் உட்புறத்தில் ஆக்சைடு தோல் விரைவாகத் தடிக்கும். அந்தத் தோல் வெப்பத்தைக் கடத்தாததால் உலோகம் இன்னும் சூடாகும். 10 டிகிரி கூடினாலே ஊர்வு ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நிறுத்தும்போது அந்தத் தோல் உரிந்து வளைவுகளில் குவிந்து நீராவிப் பாதையை அடைக்கும். ஆகவே தீயில் நிற்கும் ட்யூபுகளுக்கு டி91 வாங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. வெளியே ஓடும் தடித்த குழாய்க்கும் ஹெடருக்கும் பி91 வாங்குவதில் தயக்கம் இல்லை.

என் பரிந்துரை இதுதான். நீராவி 540 டிகிரிக்குள் இருந்தால் பி22 போதும். மெலிதாக இருக்கிறதே என்ற ஆசையில் பி91 வாங்கி, அதைக் கையாளத் தெரியாத பட்டறையிடம் கொடுக்க வேண்டாம். 560 முதல் 600 வரை பி91 கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஆனால் பற்றவைப்பில் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். 600ஐத் தாண்டி 620 வரை பி92. அதற்கு மேல் இந்தக் குடும்பத்திடம் கேட்க வேண்டாம். பொருளாக மட்டும் பார்த்தால் பி91 எஃகுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். குறைந்த ஒன்று அந்த நான்காம் வகை வளையத்துக்காக.

வாங்கும் ஆணையில் நான் எழுதச் சொல்லும் சில வரிகள் உண்டு. அலுமினியம் 0.02 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நைட்ரஜன் உள்ளிருக்கும் அலுமினியத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வனேடியத்துக்குச் சேர வேண்டிய நைட்ரஜனை அலுமினியம் பறித்துக்கொள்ளும், தனிமத் துப்பாக்கி அதைக் காட்டாது. செம்பு, வெள்ளீயம், ஆண்டிமனி, ஆர்சனிக் ஆகிய எச்சங்களுக்கும் தனி வரம்பு கேட்க வேண்டும். வளைத்த ஒவ்வொரு துண்டுக்கும் வளைத்தபின் நடந்த வெப்பச் சிகிச்சையின் வரைபடத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், உருக்காலைத் தாளோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. குழாய் வந்து இறங்கிய அன்றே, லாரியில் இருக்கும்போதே, ஒவ்வோர் எல்போவின் வெளிவளைவிலும் உள்வளைவிலும் இழைத்துக் கடினத்தன்மையை அளந்து, அந்த அளவைச் சாயத்தால் அதன் மேலேயே எழுதிவிடச் சொல்கிறேன். அந்த 162ஐ முதல் நாளே யாராவது எழுதியிருந்தால், குழாயை உயரே தூக்கி வைத்து, மூட்டுப் போட்டு, காப்புறை சுற்றி, பிறகு அறுத்து இறக்கியிருக்க மாட்டோம்.